வஞ்சிரம் பிடிபட்ட ஏரி

பேய்ப் படம் ஓடும்போது அப்பா மட்டும் ஏன் சிரிக்கிறார் என்று நீங்கள் மூன்று பேரும் பல தடவை கேட்டுவிட்டீர்கள். போன வாரம் டி.வி.யில் அந்தக் கிணற்றுக் காட்சி வந்தபோது சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அலறினாள். நான் சிரித்தேன். அவள் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நான் பெரிய தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குள் ஒரு பழைய கோபம் கிடக்கிறது. பயமுறுத்துகிற படம் பார்த்தால் அதுதான் சிரிப்பாக வெளியே வருகிறது. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவன் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததை யாரும் திருத்த வேண்டாம்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கும்மிடிப்பூண்டியில் இரும்புப் பட்டறைகள் ஒன்றிரண்டாக வர ஆரம்பித்த காலம். பழவேற்காடு ஏரிக்குள் இருந்த எங்கள் குப்பத்தை விட்டு வந்து, போல்ட் செய்கிற ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கூட வேலை செய்தவர்களோடு ஒரு அறையில் தங்கியிருந்தேன். என் அம்மா குப்பத்திலேயே இருந்தாள். விடியற்காலையில் ஓடத்தில் ஏரியைக் கடந்து, கூடையை பஸ்ஸின் மேலே ஏற்றி, கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுவருவாள். புளியமரத்துக்கு அடியில் அம்மாவுக்கும் எங்கள் குப்பத்து இன்னும் மூன்று பெண்களுக்கும் வரிசையாக இடம். ஆளுக்கொரு சாக்கு விரித்திருப்பார்கள். என் அப்பா வலைக்குப் போய்த் திரும்பி வராத வருடத்திலிருந்து அந்தச் சாக்குதான் என்னையும் என் தங்கையையும் வளர்த்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஊருக்கு வெளியே, அறுப்பு முடிந்த வயலில் ஒரு டூரிங் கொட்டகை போட்டிருந்தார்கள். கீற்றுக் கூரை, சுற்றிலும் சாக்குப் படுதா, தரையில் ஆற்று மணல். ஒரு நாள் பட்டறை வாசலில் நாங்கள் நாஷ்டா தின்றுகொண்டிருந்தபோது விளம்பர வண்டி வந்தது. மாட்டு வண்டியின் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, மேலே குழாய் ஸ்பீக்கர் வைத்து, உள்ளே கொட்டகை மேனேஜரே உட்கார்ந்து மைக்கில் கத்திக்கொண்டு வந்தார்.

"பயங்கரம்! மர்மம்! வெளி ஆளுங்க போனா திரும்பி வராத தீவு! நம்ம பழவேற்காட்டு ஏரியில, நம்ம கண்ணு முன்னால நடந்த உண்மைக் கதை! இதயம் பலவீனமானவங்க தயவு செஞ்சு வர வேணாம்!"

வர வேண்டாம் என்றதும் எல்லோரும் போனோம்.

கதை இதுதான். ஏரி நடுவில் ஒரு மீனவர் தீவு. இருட்டு நாளில் தண்ணீர் மேல் ஒரு விளக்கு நகர்ந்து போகும். அதன் பின்னால் போனவன் பிணமாக மிதப்பான். தீவுக்காரர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். பிணத்தைக் கல் கட்டி ஏரியிலேயே போட்டுவிடுவார்கள். மறுநாள் அதே இடத்தில் வலை போட்டு மீன் பிடிப்பார்கள். கடைசியில் பார்த்தால், விளக்கு எடுத்துப் போனது பேய் இல்லை, அந்தத் தீவு வைத்தியர். கடத்தல் சரக்கை யாரும் கிட்ட வந்து பார்க்காமல் இருக்க அவர் செய்த வேலை.

ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள். முதல் தடவை விளக்கு போட்டபோது ஆட்கள் தாராளமாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் தடவை பார்த்தால் எல்லோரும் கொஞ்சம் நெருங்கியிருந்தார்கள். மூன்றாம் தடவை கொட்டகையின் ஓரமெல்லாம் வெறும் மணல். கூட்டம் முழுக்க நடுவில் ஆட்டு மந்தை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டறையில் சம்மட்டி அடிக்கிற பலசாலி ஒருவன் கூரைக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். நானும் பயந்தேன். பொய் சொல்ல மாட்டேன். அந்த ஏரியிலேயே பிறந்து, இருட்டு நாளில் இறால் வலைக் கம்பில் அரிக்கேன் விளக்கு கட்டி வளர்ந்தவன், திரையில் ஒரு விளக்கைப் பார்த்து நடுங்கினேன்.

படம் விட்டதும் அறைத் தோழன் ஒருவன் கேட்டான். "டேய், உன் ஊரு அந்த ஏரியிலதான கீது?"

"ஆமா. அதுக்கு இன்னா?"

"ஒண்ணியுமில்ல. ராத்திரி என் பக்கத்துல படுக்காத."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் மார்க்கெட் பக்கம் போனேன். வழக்கமாக அந்த நேரத்துக்கு அம்மா கூடையைக் கழுவிக் கவிழ்த்திருப்பாள். அன்று கூடை நிறைய மடவை மீனும் இறாலும் அப்படியே இருந்தது. நாலு சாக்கும் அப்படித்தான். ரயில்வே குவாட்டர்ஸில் இருந்து தினமும் வருகிற அம்மா ஒருத்தி எட்டி நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

"கோச்சிக்காதம்மா. ஊட்ல பசங்க அந்த ஏரி மீனே வாணாங்குதுங்க. பொணத்த அங்கதான் போடுவீங்களாமே?"

"யாரு சொன்னாங்க தாயே?"

"படத்துல காட்டறாங்களே! மைக்குல வேற சொல்றான், உண்மைக் கதைன்னு. ஆரம்பாக்கம் ரோட்டுல போனவங்க தண்ணி மேல வெளக்கு போறத கண்ணால பாத்தாங்களாம்."

"அது வலையில கட்ற வெளக்கும்மா. வெளிச்சத்துக்கு எறா வரும்."

"நீ சொல்லுவ, உன் ஊரு."

பேய் இல்லை என்று கடைசி ரீலில் சொன்னது ஒருத்தர் மனதிலும் தங்கவில்லை, பிள்ளைகளே. நடுவில் பார்த்த பிணம்தான் தங்கியது.

மார்க்கெட் குத்தகைக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "இத பாரும்மா, உங்களால பக்கத்துக் கடைக்கும் ஆளு வர மாட்டேங்குது. வர ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அன்னிக்கும் இப்பிடியே கூட நெறஞ்சு கெடந்துச்சுன்னா இந்த எடத்த பொன்னேரி பக்கத்து ஆளுங்களுக்குக் குடுத்துடுவேன். அப்பால என்ன திட்டக்கூடாது."

அன்று திங்கட்கிழமை. மீதி ஆறு நாள்.

அம்மா கூடை மீன் மேல் தண்ணீர் தெளித்தாள். என்னிடம், "நீ வேலைக்குப் போ நைனா," என்றாள். நான் வேலைக்குப் போகவில்லை. நேராகக் கொட்டகைக்குப் போனேன்.

மேனேஜர் டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் நின்றிருந்தார். பாப்ளின் சட்டை, கழுத்தைச் சுற்றிக் கைக்குட்டை. நான் மரியாதையாகத்தான் பேசினேன். "சார், உண்மைக் கதைன்னு மட்டும் சொல்லாதீங்க. எங்கம்மா மீனு விக்கல."

"எந்த ஊரு நீ?"

சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. என் தோளில் கையைப் போட்டு, கவுன்டரில் நின்ற கூட்டத்தின் முன்னால் என்னைத் திருப்பி நிறுத்தி மைக்கை எடுத்தார்.

"ரசிகப் பெருமக்களே! கதையில வர்ற அந்தத் தீவுக்காரரு ஒருத்தரு இதோ நம்ம கொட்டாய்க்கே வந்துகீறாரு! நல்லா பாத்துக்கோங்க!"

முன்வரிசையில் நின்ற ஒரு பெண் குழந்தையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். யாரோ ஒருவன், "வெளக்கு எங்கடா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் என் சட்டைப் பையில் ஒரு இலவசப் பாஸைச் செருகினார். "உங்க ஊருக்கே நான் வெளம்பரம் குட்த்துகினுகீறேன்பா, நீ இன்னாடான்னா பேஜார் பண்றியே!"

அந்தப் பாஸைக் கிழித்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. விளக்கு எங்கே என்று கேட்டான் அல்லவா, காட்டுகிறேன் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் குப்பத்துக்குப் போய் என் வயதுப் பையன்கள் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டேன். வலைக் கம்புகளும் அரிக்கேன் விளக்குகளும் எங்களிடமே இருந்தன. புதன்கிழமை முதல் ஆட்டத்துக்கு வந்தோம். கொட்டகையின் வயல் பக்கப் படுதாவைக் காற்றுக்காகத் தூக்கிக் கட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எந்த ரீலில் விளக்கு வரும் என்றும் தெரியும். வரப்பு ஓரத்தில் குந்தியிருந்தோம். உள்ளே வீணை மாதிரி ஒரு சத்தம் இழுத்து இழுத்து வரும், அதுதான் குறி. சத்தம் வந்ததும் திரியை ஏற்றி, ஆறு விளக்கையும் கம்பில் உயர்த்தி, ஒரு வார்த்தை பேசாமல் வரப்பின் மேல் வரிசையாக நடந்தோம்.

முதலில் ஒரே ஒரு குரல் கேட்டது. "ஐயோ, அங்க பாரு!" அப்புறம் கொட்டகையே கிளம்பிவிட்டது. படுதாவைக் கிழித்துக்கொண்டு ஓடினார்கள். சம்மட்டிக்காரன் ஒரு செருப்போடு ஓடினான். எல்லோருக்கும் முன்னால் ஓடியது யார் தெரியுமா? மேனேஜர்தான். வாய்க்காலில் விழுந்து எழுந்து திரும்பவும் விழுந்தார். நாங்கள் விளக்குகளை அணைத்துவிட்டு வயலில் படுத்து, வாயில் துணியை அடைத்துக்கொண்டு சிரித்தோம். அந்த நிமிஷம் மாதிரி ஒரு இனிப்பை நான் வாழ்க்கையில் தின்றதில்லை. இன்று நினைத்தாலும் இனிக்கிறது.

ஒன்று மட்டும் இனிக்கவில்லை. திரும்பிப் போகும் வழியில், விளம்பர வண்டிக்கு அடியில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். ஐந்து வயது இருக்கும். அழக்கூட இல்லை, பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு போய், அலறிக்கொண்டு தேடிய அவள் அம்மாவிடம் விட்டேன். அந்த அம்மா எனக்குக் கும்பிடு போட்டாள். நல்லவன் என்று நினைத்துவிட்டாள். இதை என் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் விளம்பர வண்டி வழக்கத்தைவிடச் சீக்கிரமே கிளம்பிவிட்டது.

"நேத்து நம்ம கொட்டாய்க்கே வந்த மர்ம வெளக்கு! ஆறு ஆவிங்க! ஆயிரம் பேரு கண்ணால பாத்த அதிசயம்! இன்னிக்கும் வருமா? வந்து பாருங்க!"

அன்று இரண்டு ஆட்டத்துக்கும் மணலில் இடமில்லை. மார்க்கெட்டில் புளியமரத்தடிப் பக்கம் ஒருத்தரும் திரும்பவில்லை. எங்கள் பெண்கள் உட்கார்ந்த இடத்தைச் சுற்றி நடந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள்.

அம்மாவுக்கு யார் சொன்னார்களோ, நான் போய் நின்றதுமே கேட்டாள். "அந்த வெளக்கு யாரு கைல இருந்துச்சு?"

நான் தரையைப் பார்த்தேன்.

"என் மூஞ்சப் பாத்து சொல்றா."

"என் கைலதாம்மா. அவன ஓட வெச்சேன், வாய்க்கால்ல உருண்டான். நீ பாத்திருக்கணும்."

"நல்லா ஓட வெச்ச. வெளக்கு நாம வலைக்கு கட்றதுன்னு நான் மூணு நாளா தொண்ட கிழிய சொல்லிகினுகீறேன். நீ அத எடுத்துகினு போயி பேய்தான்னு காட்டிட்டு வந்துகீற. இன்னும் மூணு நாள்ல எடம் பூடும்டா. அதுக்கப்பால நான் எங்க குந்துவேன், உன் பட்டறையிலயா?"

பக்கத்துச் சாக்கில் இருந்த அக்கா ஒருத்தி, "விடுக்கா, சின்ன பையன்," என்றாள்.

"சின்ன பையனா? கல்யாணம் பண்ணா ரெண்டு புள்ள இருக்கும்!" என்றாள் அம்மா. பிறகு கூடையை ஓரமாகத் தள்ளிவிட்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, நம்மள பத்தி எடுத்த படம்னு ஊரே சொல்லுது. நாம ஒருத்தியாவது பாத்தமா?"

ஒருத்தியும் பார்க்கவில்லை. நாலு பேரும் படம் பார்த்தே பல வருஷம் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலம் விற்காத கூடைகளை டீக்கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, மீன் வாசத்தோடு நாலு பேரும் கொட்டகைக்குப் போனார்கள். நானும் ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்தேன். பையில் இருந்த இலவசப் பாஸ்தான். நடுவில் இடுப்பளவு மண்சுவர். பெண்கள் பக்கத்தில் அம்மாவையும் மற்றவர்களையும் சுற்றி வட்டமாக மணல் காலியாகிவிட்டது. யாரும் பக்கத்தில் உட்காரவில்லை.

முதல் ரீல் முழுக்க அவர்கள் சத்தம் போடவில்லை. இரண்டாவது ரீலில் வலை இழுக்கும் காட்சி. தீவுக்காரர்கள் பிணம் போட்ட இடத்தில் வலையை இழுக்கிறார்கள், பயங்கரமான மேளம், வலைக்குள் மீன் பளபளக்கிறது. கொட்டகையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்போது அம்மாவின் குரல், மார்க்கெட்டில் கூவுகிற அதே குரல், எழுந்தது.

"ஐயே! வஞ்சிரம்டி!"

"ஆமாக்கா, வஞ்சிரந்தான்! ஏரியில வஞ்சிரம் எங்கக்கா வந்துச்சு?"

"கடல்லேந்து பஸ் ஏறி வந்துகீது போல."

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். திரையில் மீனைக் கிட்டத்தில் காட்டினார்கள். பயமுறுத்தத்தான் காட்டினார்கள், படம் எடுத்தவன் கெட்ட நேரம்.

"கண்ணு உள்ள பூட்ச்சு பாரு! மூணு நாள் ஐஸ்ல கெடந்த மீனு!"

"இத உசுரோட புடிச்சாங்களாமா? செவுள காட்டச் சொல்லுடி, செவப்பா கீதா பாப்பம்!"

"யோவ், செவுள காட்டு!"

ரயில்வே குவாட்டர்ஸ் அம்மாவும் அங்கே இருந்தாள். சுவரோரமாக என் அம்மா பக்கம் நகர்ந்து வந்து, "நெஜமாவா? ஏரியில வஞ்சிரம் கெடைக்காதா?" என்று கேட்டாள்.

"பத்து வருஷமா என்கிட்ட மீனு வாங்குறியே தாயே, ஒரு நாளாவது வஞ்சிரம் குட்த்துருக்கேனா? அதோ பாரு, பின்னால மலை தெரியுது. நம்ம ஏரிக்குப் பின்னால மலை கீதா? எந்த ஊரு குட்டையிலயோ எடுத்துகினு வந்து எங்க தலையில கட்றான்."

அடுத்த ரீலில் விளக்கு நகர்ந்து வந்தது. வீணைச் சத்தம் இழுத்தது. ஆண்கள் பக்கத்தில் இருந்து, சம்மட்டிக்காரன்தான், கையைக் குவித்துக் கத்தினான். "செவுள காட்டு!" கொட்டகையே இடிந்த மாதிரி சிரிப்பு. பிணம் மிதந்தது. "செவுள காட்டு!" கதாநாயகி அடுப்பில் குழம்பை விட்டுவிட்டு ஓடினாள். "அடுப்ப அணைச்சிட்டு ஓடுடி!" என்றாள் பக்கத்துச் சாக்கு அக்கா. விளக்கு போட்டபோது பார்த்தேன். நடுவில் ஒட்டிக்கொண்டிருந்த கூட்டம் பரவி, கால் நீட்டி, ஓரம் வரைக்கும் உட்கார்ந்திருந்தது. அம்மாவைச் சுற்றி இருந்த காலி மணலில் பத்துப் பெண்கள் உட்கார்ந்து அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமையும் போனார்கள். இந்தத் தடவை கவுன்டர் வரிசையிலேயே வேலையை ஆரம்பித்தாள் அம்மா. "வைத்தியன்தான் கொலகாரன். தெரிஞ்சுகினிங்கல்ல? ஊட்டுக்குப் போங்க." சனிக்கிழமை முதல் ஆட்டத்துக்குக் கால்வாசி மணல்கூட நிறையவில்லை.

ஞாயிறு காலையில் மேனேஜர் மார்க்கெட்டுக்கு வந்தார். கழுத்தில் கைக்குட்டை இல்லை.

"அம்மா, இன்னிக்கு ஞாயித்துக்கெழம. இன்னிக்கு மட்டும் வராதீங்கம்மா. கையெடுத்துக் கும்பிடறேன்."

"வண்டி எங்க?" என்றாள் அம்மா.

"எந்த வண்டி?"

"மைக்கு வண்டி. கொண்டா இங்க. எந்த வாயால சொன்னியோ அதே வாயால இங்க நின்னு சொல்லு. அப்பால பாக்கலாம்."

குத்தகைக்காரர் வேடிக்கை பார்க்க வந்து நின்றார். மார்க்கெட்டே நின்றது. வண்டி வந்தது. மேனேஜர் மைக்கை வாயருகே வைத்து முணுமுணுத்தார். "படத்துல வர்ற ஏரி வேற..."

"கேக்கல," என்றாள் அம்மா.

"படத்துல வர்ற ஏரி வேற ஏரி. உண்மைக் கதைன்னு சொன்னது பொய்யி."

"பயங்கரம் மர்மம்னு கத்துனியே, அந்த சத்தத்துல சொல்லு."

அவர் கத்தினார். குழாய் ஸ்பீக்கர் கிறீச்சிட்டது. பழவேற்காட்டு மீன் நல்ல மீன் என்று மூன்று தடவை சொல்ல வைத்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் காது சிவந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கண்ணை எடுக்கவே இல்லை. கவுன்டர் முன்னால் என்னை நிறுத்திய அதே முகம்.

முதலில் வாங்கியது ரயில்வே குவாட்டர்ஸ் அம்மா. மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். ரத்தச் சிவப்பு. எல்லோருக்கும் காட்டிச் சிரித்தாள். மதியத்துக்குள் நாலு கூடையும் கவிழ்ந்துவிட்டன. குத்தகைக்காரர் இடத்தைப் பற்றி வாயே திறக்காமல், பெரிய மடவை இரண்டு வாங்கிக்கொண்டு போனார்.

மேனேஜர் சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்து, "எனக்கும் கொஞ்சம் எறா குடும்மா," என்று கையை நீட்டினார். சாக்கின் மேல் கடைசியாக ஒரு கை இறால் மிச்சம் இருந்தது.

"பொணம் தின்ன எறா உனக்கு எதுக்கு?" என்று சொல்லி அம்மா அதைப் பூனைக்குப் போட்டாள்.

அன்று சாயங்காலம் அவர்கள் கொட்டகைக்குப் போகவில்லை. அம்மா வாக்குத் தவறுகிறவள் இல்லை. திங்கட்கிழமை போனார்கள்.

"மன்னிச்சு உட்டுட்டதா நெனச்சேனே," என்றேன் நான்.

"இன்னிக்கு மட்டும் வராதன்னுதான கேட்டான்? போவல. கணக்கு முடிஞ்சுது," என்றாள்.

இரண்டே நாளில் அந்தப் படத்தைத் தூக்கிவிட்டார்கள். படப்பெட்டி மீஞ்சூர்ப் பக்கத்துக் கொட்டகைக்குப் போனதாகக் கேள்விப்பட்டோம். அங்கே விளம்பர வண்டியில், எண்ணூர்க் கழிமுகத்தில் நடந்த உண்மைக் கதை என்று யாரோ கத்திக்கொண்டிருந்தார்களாம். அதைக் கேட்டதும் அம்மா என்னைப் பார்த்தாள். நான் பட்டறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வாடகை சைக்கிளில் மீஞ்சூர் மார்க்கெட்டுக்கு மிதித்தேன். அங்கே மீன் விற்றுக்கொண்டிருந்த பெண்களிடம் போய்க் குந்தினேன்.

"அக்கா, சாயங்காலம் எல்லாரும் படத்துக்குப் போங்க," என்றேன். "ரெண்டாவது ரீல்ல ஒரு மீனு வரும். அதோட கண்ண நல்லா பாருங்க."